ஒரே மாடல், வேறு குரல்

கே: ஒரே மாடல், ஒரே வயது, இரண்டு பழைய அக்கூஸ்டிக் கிதார். கொச்சியில் மாமா வீட்டில் இருப்பது பாடுகிறது. எங்கள் வீட்டில் இருப்பது இருமுகிறதே?
– வாசகர், திருத்தங்கல்

ப: அரசாங்கமே 2013-ல் தந்தியை நிறுத்திவிட்டது. உங்கள் கிதார் தந்தியைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

புதுத் தந்திதான் என்றால், குற்றவாளி உங்கள் ஊர்க் காற்று. சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டியையும் பட்டாசையும் வாழவைத்த அதே வறட்சி கிதாருக்கு ஆகாது. அதற்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் வேண்டும். குறைந்தால் மரம் சுருங்கும். ஃப்ரெட் முனைகள் நீட்டிக்கொண்டு விரலைக் கீறும். மாமாவும் ரொம்பச் சிரிக்க வேண்டாம்: கொச்சி ஈரத்தில் மேல்பலகை உப்பி, தந்தி தூக்கிக்கொள்ளும்.

இரண்டிலும் ஒரே ரகத் தந்தி போட்டு, ஒரே அறையில் ஒரு வாரம் வைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். தீபாவளி வாரம் மட்டும் வேண்டாம்.