பாடுகிறவரும் பாடுபடுகிறவரும்

1098-ல் பிரான்சின் சித்தோ காட்டில் சில துறவிகள் குடியேறினார்கள். பழைய மடங்கள் கொழுத்துவிட்டன, புனித பெனடிக்ட் சொன்னபடி நாங்கள் கையால் உழைத்துச் சாப்பிடுவோம் என்பது சபதம். சிஸ்டர்சியன் சபை பிறந்தது. சபையின் சட்டத்துக்கு வைத்த பெயர், அன்பின் சாசனம். எல்லாம் சரி, நாளெல்லாம் வேளை தவறாமல் சங்கீதம் பாடுகிறவர் எப்போது ஏர் பிடிப்பார்?

ஆள் பிடித்தார்கள். உழைப்பதற்கென்றே ‘சகோதரர்கள்’ என்று தனி வகை. அவர்களுக்கும் வார்த்தைப்பாடு உண்டு, கற்பு உண்டு, கீழ்ப்படிதல் தாராளமாக உண்டு. புத்தகம் மட்டும் கிடையாது. விரல்விட்டு எண்ணக்கூடிய சில செபங்களுக்கு மேல் எதையும் கற்கக் கூடாது, அதையும் எழுத்தைப் பார்த்துப் படிக்காமல் வாய்ப்பாடமாகத்தான் கற்க வேண்டும் என்று விதியே எழுதி வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஏழையைச் சேர்த்துக்கொண்டது கருணையல்லவா என்று இன்றும் வாதாடுவோர் உண்டு. சேர்த்த பிறகும் படிக்கவிடாதது எந்த ஊர்க் கருணை ஐயா? மடாதிபதியைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்கு வாக்கும் இல்லை. 1188-ல் சபையின் பொதுச்சங்கம் கூடி இன்னொன்றையும் தீர்மானித்தது: பிரபு குலத்தவர் துறவுக்கு வந்தால் பாடும் துறவியாகத்தான் சேர்க்க வேண்டும், உழைக்கும் சகோதரராக அல்ல. எல்லாவற்றையும் துறந்து வந்தவர் பிறப்பை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம்!

சுவர் எழுப்புவது நம்மவர்களின் தனிச்சொத்து என்று யாரும் மார்தட்ட வேண்டாம். மடத்துக் கோயிலில் இந்தச் சகோதரர்களுக்குப் பின்பாதி, குறுக்கே தடுப்பு. உணவறை வேறு, படுக்கையறை வேறு. இங்கிலாந்தின் பைலண்ட் மட இடிபாடுகளில் இன்றும் பார்க்கலாம்: துறவிகளின் முற்றத்தில் கால் படாமல் இவர்கள் போய்வர ஒரு தனிச் சந்து. சுவரில் வரிசையாக உட்காரும் மாடங்கள்கூட உண்டு. ஒதுக்குவதிலும் என்ன ஒரு வேலைப்பாடு!

சபையின் ஆட்டுமந்தைகளை மேய்த்தது இந்தக் கைகள்தான். சிறைப்பட்டிருந்த இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டை மீட்க, 1193-ல் சபையின் அந்நாட்டு மடங்கள் ஒரு வருட ஆட்டு ரோமத்தையே கொடுத்தன. ராஜபக்தியின் புகழ் மடத்துக்கு, ஆட்டுப் புழுக்கை சகோதரனுக்கு.

சகோதரர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்கள். ஜெர்மனியின் ஷோனாவ் மடத்தில் பூட்ஸ் யாருக்கு என்ற தகராறு முற்றி, துறவிகளின் பூட்ஸைக் கிழித்தெறியத் திட்டம் போட்டார்கள். திட்டம் போட்டவர்களின் தலைவன் திடீரென்று செத்துப்போனான், தெய்வ தண்டனை என்று சபையின் வரலாறு எழுதிக்கொண்டது. கடவுளும் பூட்ஸ் போட்டவர் கட்சி போலிருக்கிறது. 1206-ல் வேல்ஸின் மார்கம் மடத்தில் கணக்கு வழக்கு பார்த்த துறவியைக் குதிரையிலிருந்து தள்ளினார்கள், மடாதிபதியை ஆயுதத்தோடு விரட்டினார்கள், துறவிகளுக்குச் சோற்றை நிறுத்தினார்கள். உழைக்கிறவன் கை மடக்கினால் பாடுகிறவர் வயிறு என்னவாகும் என்று அன்றாவது தெரிந்திருக்கும். பொதுச்சங்கத்துக்குத் தெரிந்ததெல்லாம் தண்டனைதான்.

அன்பின் சாசனத்துக்குப் போப்பாண்டவரின் ஒப்புதல் 1119-ல் வந்தது. சபையின் டிராப்பிஸ்ட் கிளை இரண்டு வகைத் துறவிகளையும் ஒன்றாக்கி, சகோதரனுக்கு வாக்குரிமை கொடுத்தது 1965-ல்.