நூறு வெள்ளியும் கோடாலித் தைலமும்: வரித்திருப்பம் குறித்து ஓர் ஆய்வு

வெளிநாட்டில் கட்டிய வரியை ஊர் திரும்பும்போது கேட்டு வாங்குவது பொருளியலின்பாற்பட்டது என்றே அறிஞர்கள் இதுகாறும் கருதி வந்தனர். அது மானவியலின்பாற்பட்டது என நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம் சிங்கப்பூர், குறிப்பாக, சையது ஆல்வி சாலை முஸ்தபா சென்டரின் பில் போடும் வரிசை.

முதற்கண் விதி. சிங்கப்பூரில் ஜிஎஸ்டி 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடு. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை, மூன்று ரசீதுகள் வரை சேர்த்து, வரியோடு 100 வெள்ளியைத் தொட்டால் சுற்றுலாப் பயணி அவ்வரியைத் திரும்பக் கேட்கலாம். இரண்டு மாதத்துக்குள் பொருளோடு விமானம் ஏறிவிட வேண்டும். ஜோகூருக்குப் பஸ்ஸில் போகிறவருக்கு இவ்விதி இல்லை.

இனி உரை. பில் 91 வெள்ளி 60 காசில் நிற்கிறது. குடும்பத் தலைவர் கை உயர்த்துகிறார்: “இரு, இன்னும் எட்டே கால், எட்டரை வெள்ளிக்கு எடுத்துட்டா ரீஃபண்ட் வந்துரும்.” “அந்த எட்டரையை யாருங்க குடுப்பா?” என்ற மனைவியாரின் வினாவுக்கு ஆய்வுலகம் இன்னும் விடை காணவில்லை. 100 வெள்ளிக்குள் ஒளிந்திருக்கும் வரி 9 வெள்ளி அன்று. 8 வெள்ளி 26 காசே. அதிலும் ரீஃபண்ட் நிறுவனம் தன் கூலியைக் கழித்துக்கொள்ளும். ஆக, 8 வெள்ளி 40 காசு கொடுத்து அதனினும் குறைந்த தொகையை மீட்கிறார் தலைவர். அந்த இடைவெளியை நிரப்ப அவர் எடுப்பது கோடாலித் தைலம். தமிழகத்து அலமாரிகளில் இத்தைலம் பெருகியதற்குத் தலைவலி காரணம் என்பர் முன்னோர். ரீஃபண்டே காரணம் என்பது எம் துணிபு. ஜிஎஸ்டி வந்ததே 1994இல், தைலம் அதற்கும் முன்பே ஊருக்கு வந்ததே என ஆட்சேபிப்பாரும் உளர். அவர்களுக்கு அடுத்த பதிப்பில் விடை இறுப்போம்.

சிங்கப்பூரிலேயே தின்றதற்கு வரி திரும்பாது. ஒரு துண்டு கடித்திருந்தாலும் அப்படியே. ஆதலின் சாக்லேட்டைப் பிள்ளைகள் கண்ணால் உண்பதே மரபு.

சாங்கி விமான நிலையப் படலம் தனி நூலுக்கு உரியது. பெட்டியில் போடும் பொருளுக்கு, பெட்டியை ஒப்படைக்கும் முன்பே இயந்திரத்தில் பாஸ்போர்ட்டை வைத்துக் கோர வேண்டும். பெட்டிக்கு நைலான் கயிறு சுற்றி, மார்க்கரில் பெயரும் ஊரும் எழுதி முடித்த பின்னரே நம்மவர் இதை அறிவர். சிலருக்குத் திரையிலேயே ஒப்புதல் கிடைத்துவிடும். சிலரைச் சுங்கக் கவுன்டருக்குப் போகச் சொல்லும். அங்கே அதிகாரி கேட்பது தைலம். முதலில் வெளிவருவது லுங்கி, அடுத்தது மாமியாரின் பிளாஸ்க், அதற்கடுத்து மீண்டும் லுங்கி.

தொகையைப் பெறுவதில் இரு பள்ளிகள் உண்டு. ரொக்கப் பள்ளியார், குடிநுழைவு தாண்டி உள்ளே உள்ள கவுன்டரில் வாங்குவர். சுற்றிலும் கடைகள், அக்காசு விமானம் ஏறியதாகச் சான்றில்லை. கார்டுப் பள்ளியார் பொறுமைசாலிகள். ஊர் வந்தபின் வங்கியிலிருந்து வரவுச் செய்தி வரும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, “நாம யாருக்கும் சும்மா வரி கட்டறதில்ல” என்ற குறிப்போடு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடலாம். ரொக்கத்தில் இந்த வசதி இல்லை.