காற்றை எங்கே வைப்பது? வேகக் கார்களின் சக்கர–சஸ்பென்ஷன் முரண் குறித்த ஆய்வு (முதற்பாகத்தின் முன்னுரையின் சுருக்கம்)

வேகக் கார் வாங்கப் போகிறவர், பணம் தீரும் தறுவாயில் ஒரு கேள்வியில் வந்து முட்டிக்கொள்கிறார். மிச்சக் காசைப் பெரிய சக்கரத்தில் போடுவதா, ஏர் சஸ்பென்ஷனில் போடுவதா? இத்துறையில் முன்னாய்வுகள் ஏதும் இல்லை என்று தொடங்குவது ஆய்வேட்டு மரபு. முன்னாய்வுகள் உண்டு, நான் படிக்கவில்லை. இல்லாததையும் படிக்காததையும் மரபு ஒன்றாகவே கருதுகிறது.

ஆய்வுக் களமாக 2012-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டெஸ்லா மாடல் எஸ் எடுத்துக்கொள்ளப்படுகிறது. 19 அங்குலச் சக்கரம் காரோடு வரும், 21 அங்குலம் வேண்டுமானால் தனிக் காசு, ஏர் சஸ்பென்ஷனுக்கும் தனிக் காசு என்று நம் முரண் அதன் விலைப்பட்டியலிலேயே அப்பட்டமாகக் கிடந்தது. மேலும், அந்தக் கார் என்னிடம் இல்லை. ஆய்வாளருக்கும் ஆய்வுப்பொருளுக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் இதனால் செலவின்றிக் காக்கப்பட்டது.

வாங்குவோரை வகைப்படுத்தலாம். காரை வெளியே நின்று பார்ப்பவர் சக்கரவாதி. உள்ளே உட்கார்ந்து பார்ப்பவர் காற்றுவாதி. இரண்டையும் வாங்குகிறவருக்கு ஆய்வு தேவையில்லை. இரண்டையும் வாங்க முடியாதவர் ஆய்வாளர்.

இனிக் கணக்கு. 19 அங்குலச் சக்கரத்துக்கு 245/45 டயர். 21 அங்குலத்துக்கு 245/35. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்தது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் பக்கச் சுவர் என்பது. பெருக்கினால் ஒன்றின் சுவர் 110 மி.மீ., மற்றதன் சுவர் 86 மி.மீ. டயரோடு சேர்த்து விட்டத்தை அளந்தாலோ இரண்டும் 70 செ.மீ. சொச்சம்தான். ஆக, பெரிய சக்கரம் வாங்கியவருக்குச் சக்கரம் பெரிதாகவே இல்லை. காற்று இருந்த இடத்தில் சுற்றிலும் ஓர் அங்குலம் அலாய் வந்து உட்கார்ந்திருக்கிறது. காசு கொடுத்துக் காற்றை வெளியேற்றிய அவர், வண்டி குலுக்குகிறதே என்று ஏர் சஸ்பென்ஷனுக்கும் பணம் கட்டுகிறார். போன காற்று திரும்பி வருகிறது, இம்முறை ஒரு கம்ப்ரசரையும் கூட்டிக்கொண்டு. இதை ‘இரட்டைக் காற்றுக் கோட்பாடு’ என்று அழைக்க முன்மொழிகிறேன். என் பெயரை வைக்கலாமே என்று பிறர் வற்புறுத்தினால் மறுக்க மாட்டேன்.

திரும்பி வரும் காற்று அதே வேலையைச் செய்வதுமில்லை. பள்ளத்தின் கூர்விளிம்பை முதலில் சந்திப்பது டயர். ஏர் சஸ்பென்ஷனின் காற்றுப் பை இருப்பது சக்கரத்துக்கும் காரின் உடம்புக்கும் நடுவில். உடம்பு தூக்கிப் போடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. டயரின் சுவர் குட்டையாக இருந்தால் அடியை ரிம் வாங்குகிறது. வளைந்த ரிம்மை எந்தப் பையும் நிமிர்த்தாது. குட்டைச் சுவரில் ஸ்டீயரிங் திருப்பியதும் கார் சட்டென்று திரும்பும் என்பது உண்மையே. என் கோட்பாட்டுக்கு ஒத்துவராததால் அடுத்த பத்திக்குச் செல்கிறேன்.

வரலாறு. ராபர்ட் தாம்சன் 1845-இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். 1887-இல் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதை மறுபடி கண்டுபிடித்தார். ஆகவே உலகின் முதல் ஏர் சஸ்பென்ஷன் டயர்தான். 1957-இல் காடிலாக் எல்டராடோ புரோம் காற்றுப் பைகளோடு வந்தது; காற்று கசிந்து சலித்த பலர் கழற்றி எறிந்துவிட்டுச் சுருள் ஸ்பிரிங் போட்டுக்கொண்டார்கள். 1968-இல் மெர்சிடிஸ் 300 எஸ்இஎல் 6.3 வந்தது. பந்தயக் கார் வேகம், ஏர் சஸ்பென்ஷன், ஆனால் சக்கரம் வெறும் 14 அங்குலம். காற்றை இரண்டு இடத்திலும் வைத்திருந்த பொற்காலம் அது. இந்த இடத்தில் சங்க காலத் தேருக்குப் போயாக வேண்டும் என்பது தமிழாய்வின் விதி. போய் வந்துவிட்டேன், தேரில் காற்று இல்லை.

இனி ஆய்வின் உயிர்நிலை: திரும்பிப் பார்த்தல். காரைப் பூட்டிவிட்டு நடப்பவர் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். பூட்டியதா என்று பார்த்தேன் என்பார். பூட்டியபோதே விளக்கு மின்னியதே, ஆகவே அது சான்றாகாது. 21 அங்குலக்காரருக்குக் கழுத்து மட்டுமல்ல, தோளும் திரும்பும். பார்வை கூரையிலோ கதவிலோ தங்காமல் நேரே பின்சக்கரத்தில் போய் நிற்கும். டயருக்கும் மேலே உள்ள வளைவுக்கும் நடுவே எத்தனை விரல் நுழையும் என்று கணக்குப் போடும். இரண்டு விரல் என்றால் நிறைவு. ஒரு விரல் என்றால் பெருமிதம் (சான்று: பஞ்சர் கடை இரும்பு ஸ்டூல், வாய்மொழி). விரலே நுழையாது என்றால் டயர் உரசுகிறது (மேற்படி ஸ்டூல், மூன்றாம் கால், சற்றே ஆடுவது). ஸ்டூலுக்குப் பதில் ஒரு பேராசிரியரை மேற்கோள் காட்டியிருந்தால் அவரும் அடுத்த கட்டுரையில் என்னைக் காட்டியிருப்பார், இருவருக்கும் பதவி உயர்வு கிடைத்திருக்கும். ஸ்டூலுக்கு அந்த வசதி இல்லை.

காற்றுவாதிக்குத் திரும்பிப் பார்க்க ஒன்றுமில்லை, பையின் ரப்பரில் வெடிப்பு விழும்வரை. அதன்பின் இரவு நேராக நின்ற கார் காலையில் ஒரு மூலை தாழ்ந்து, பாகனுக்கு முட்டி போட்ட யானை போல நிற்கும். கம்ப்ரசர் இரைந்து இரைந்து தூக்கிவிடும். தூக்கித் தூக்கி ஒருநாள் அதுவும் ஓயும். இப்போது இவரும் திரும்பிப் பார்க்கிறார், சக்கரவாதியைவிட அடிக்கடி. எனவே காலப்போக்கில் இரு பள்ளிகளும் ஒன்றே. (காண்க: அதே கடையின் அலைன்மென்ட் மிஷினுக்குப் பின்னால் தொங்கும் போன வருஷக் காலண்டர், ஆடி மாதத் தாள், பின்பக்கம், பென்சில் குறிப்பு. கிரீஸ் கறையால் மூலம் சிதைந்துள்ளது; கடைசிச் சொல் ‘வேண்டும்’ என்றும் ‘வேண்டாம்’ என்றும் இரு பாடங்கள். கறையைத் துடைத்துப் பார்க்கலாம் என்ற கடைப்பையனின் யோசனை முறையியலுக்கு எதிரானது என நிராகரிக்கப்பட்டது.)

காற்றுப் பைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: அது கம்பெனியின் பேச்சைக் கேட்கும். 2013-இல் சாலையில் கிடந்த இரும்புத் துண்டுகள் அடியில் மோதி மாடல் எஸ் கார்கள் தீப்பிடித்த பிறகு, நவம்பரில் டெஸ்லா மென்பொருள் ஒன்றை அனுப்பி, ஏர் சஸ்பென்ஷன் கார்களை நெடுஞ்சாலை வேகத்தில் சற்று உயர்ந்தே ஓடவைத்தது. உடைமையாளர் வீட்டில் தூங்கும்போதே காரின் நடத்தை மாறியது. சக்கரத்தை இப்படித் திருத்த முடியாது. அது வளைந்தால் வளைந்ததுதான்.

தரவுத் திரட்டலின் இறுதிக் கட்டத்தில் ஒரு சங்கடம் நேர்ந்தது. மாடல் எஸ்ஸில் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் ஒட்டும் பெட்டி ஒன்றை டெஸ்லா தனியே விற்றது. அதற்குள் ஒரு குட்டிக் கம்ப்ரசர். காற்று மூன்றாம் முறையும் விலைக்கு வருகிறது. கோட்பாட்டின் பெயரில் ‘இரட்டை’ என்று ஏற்கெனவே அச்சாகிவிட்டபடியால், இத்தரவு ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டதாக அறிவிக்கப்படுகிறது.