சேதாரம் போக முப்பது நிமிடம்

நெடுஞ்சாலை வேகர் என்னும் இனத்தாரை ஞாயிற்றுக்கிழமை விடியலில் சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில், மீடியனை ஒட்டிய தடத்தில், முன்னே செல்பவரின் முதுகில் விளக்கை அடித்து அடித்துக் காட்டும் நிலையில் காணலாம். 'பர்ஃபாமென்ஸ் கார்', அதாவது அலுவலகம் போய்வரத் தேவையானதைப் போல மூன்று மடங்கு குதிரைத்திறன் கொண்ட கார், இவர்தம் ஊர்தியாகும். செங்கல்பட்டு மாவட்டத்துத் தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டு 2021-இல் விற்பனைக்கு வந்த பி.எம்.டபிள்யூ. எம்340ஐ, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை 4.4 நொடியில் எட்டும் என்பதைப் பிள்ளைகளின் பிறந்தநாளைவிடத் துல்லியமாக இவர் நினைவில் வைத்திருப்பார். அதை வாங்க வசதியில்லாமல், இருக்கும் சிறிய காருக்கு 'ரீமேப்' செய்துகொண்டவரும், அதாவது எஞ்சினை ஆளும் கணினியின் நிரலைத் திருத்தி அதன் திறனைக் கூட்டிக்கொண்டவரும், இவ்வினத்துள் அடங்குவர்.

சாவியை விரலில் சுழற்றுதல், அடுத்தவர் டயரைக் காலால் தட்டிப் பார்த்தல் போன்ற சில்லறைக் குணங்களை விடுத்தால், விரித்துரைக்கத் தக்கது இவர் நேரம் சொல்லும் குணமே. மாதவரம் ரவுண்டானாவிலிருந்து ஆந்திர எல்லையை ஒட்டிய ஆரம்பாக்கம் வரையிலான சுமார் ஐம்பது கிலோமீட்டரை எவ்வளவு நேரத்தில் கடந்தார் என்று யாரும் கேட்குமுன்பே, "முப்பது நிமிஷம், நெட்" என்பார். 'நெட்' என்பது இங்கே நிகர நேரத்தைக் குறிக்கும் கலைச்சொல். கடிகாரப்படி ஆன ஐம்பத்தேழு நிமிடத்திலிருந்து, தம் பொறுப்பன்று என்று இவர் கருதுவனவற்றைக் கழித்தபின் எஞ்சுவதே அது. சுங்கச்சாவடியில் முன்னே நின்றவரின் ஃபாஸ்டேக்கில் பணமில்லாமற்போன நான்கு நிமிடம், ஒரு லாரியை மற்றொரு லாரி முந்த முயன்று இரண்டும் சேர்ந்து சாலையை அடைத்த ஏழு நிமிடம், எருமை ஒன்று யோசித்து யோசித்துக் கடந்த இரண்டு நிமிடம், பின்னிருக்கைப் பிள்ளையின் அவசரத்துக்கு நிறுத்திய நான்கு நிமிடம், தேநீருக்கான பத்து நிமிடம் ஆகிய யாவும் கணக்கிலிருந்து தள்ளப்படும். நகைக்கடைக்காரர் சேதாரத்தை விலையோடு கூட்டுவார், இவர் நேரத்திலிருந்து கழிப்பார்; இருவரிடமும் விளக்கம் கேட்டவர் வென்றதாகச் செய்தியில்லை. நெல்லூர் வரை போய் நெய்க் காரத் தோசை உண்டு திரும்பும் நாள்களில் கழிவுகள் மேலும் பெருகுவதால், இவர் கணக்கை முழுமையாக ஏற்போமாயின், தோசைக்கு மாவு அரைக்கப்படுவதற்கு முன்பே இவர் கடையில் உட்கார்ந்திருந்தார் என்று கொள்ள வேண்டியிருக்கும்.

இக்கழிவு முறை பிறருக்குப் பொருந்தாது என்பது இதிலுள்ள நுட்பம். அதே காலையில், அதே சாலையில், ஏழு பேர் ஏறிய டீசல் வண்டியோடு ஐம்பத்தைந்து நிமிடத்தில் வந்து சேர்ந்து, இரண்டு நிமிடமாகக் காத்து நிற்கும் மைத்துனரிடம், "பாவம் மச்சான், உங்க வண்டிக்கு இவ்ளோதான் முடியும்" என்று இவர் இரக்கம் காட்டுவார்.

ஆந்திரத்தில் பெட்ரோல் விலை கூடுதலாதலால், எல்லைக்கு இப்பாலேயே டேங்க்கை நிரப்பி லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிப்பதும், மிச்சம் பிடித்ததை எல்லைக்கு அப்பாலுள்ள தடா என்னும் ஊர் வருவதற்குள் ஆக்சிலேட்டரில் கரைப்பதும் இவர் வழக்கம். பங்கில் நின்ற நேரமும் கழிவே.

சாலைக்குக் கிழக்கே, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு ஏரி பரந்து கிடக்கிறது. எத்தனையோ முறை இவ்வழியே போயும் அதை இவர் கண்டதில்லை. ஏரிக்கரைக் குப்பங்களுக்குப் பிரியும் சாலைகளின் மேடுபள்ளம், தரையிலிருந்து ஒரு சாண் உயரமும் இல்லாத காரின் அடிவயிற்றுக்கு ஆகாது. "ஏங்க, கொஞ்சம் நிறுத்துங்க, இறால் வாங்கிக்கலாம்" என்று மனைவி கேட்டால், "வரும்போது பாத்துக்கலாம்மா" என்பார். வரும்போதுக்கும் தனியே ஒரு டைமிங் உண்டு என்பதை அவ்வம்மையார் திருமணமான புதிதிலேயே அறிந்துகொண்டார்.

அவ்வேரி மீனவர்களிடம் 'பாடு' என்றொரு வழக்கம் உண்டு. மீன் நன்கு கிடைக்கும் இடங்களில் யார், எந்நாளில் வலை கட்டுவது என்று தமக்குள் முறை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. முறை வராதவர் காத்திருப்பார். நெடுஞ்சாலை வேகருக்கோ எந்நாளும் எத்தடமும் தம் பாடே. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு ஏறத்தாழ 42 மீட்டர் ஓடும். தலையில் மீன்கூடையோடு ஆரம்பாக்கத்தில் சாலையைக் கடக்கும் பெண்ணுக்கு மீடியன் வரை போய்ச்சேரப் பத்து நொடி பிடிக்குமானால், அவள் அடியெடுத்து வைக்கையில் 400 மீட்டருக்கு அப்பால் புள்ளியாய்த் தெரிந்த விளக்கு, அவள் கடந்து முடிப்பதற்குள் அவ்விடத்துக்கே வந்துவிடும். ஐம்பது கிலோமீட்டரை 100-இல் ஓட்டினால் முப்பது நிமிடம், 150-இல் ஓட்டினால் இருபது நிமிடம். மிச்சமாவது பத்து நிமிடம், அதாவது தேநீருக்கென்று கழித்த அதே பத்து நிமிடம். அதற்காக அவள் கூடையைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருப்பது அநியாயம்.

இவ்வினத்தாரை மன்னிக்கத் தூண்டும் தருணம் ஒன்றும் உண்டு. 'லோ புரொஃபைல்' எனப்படும், பக்கச்சுவர் ஒடுங்கிய டயர், பள்ளம் ஒன்றில் கிழிந்துபோகும். இக்கார்கள் பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது, அதற்கு மாற்றாகத் தரப்படும் ஒட்டுமருந்து கிழிந்த பக்கச்சுவரை அடைக்காது. இழுவை வண்டி வரும்வரை மூன்று மணிநேரம், சாலையோர டீக்கடை பெஞ்சில் இவர் உட்கார்ந்திருப்பார். மனைவி இறால் வாங்குவார். பிள்ளை, தலைக்கு மேல் பறந்துபோகும் பூநாரைகளை எண்ணும். டீக்கடைக்காரர் எதையும் கேட்காமல் இரண்டாவது டீ தருவார். இவரும், ஏரிக் காற்று நன்றாகத்தான் இருக்கிறது என்று, காரின் காதில் விழாதபடி, மெல்லச் சொல்வார்.

மறுநாள் அலுவலகத்தில் யாரோ விசாரிப்பார். "ஆரம்பாக்கமா? டயர் போன மூணு மணி நேரத்தைக் கழிச்சுட்டா, முப்பது நிமிஷம்."