உதகை ஹோம்ஸ்டேயிலிருந்து காலையில் புறப்படாமை: ஒரு காரண காரிய ஆராய்ச்சி

மலை ஊர் ஹோம்ஸ்டேயில் தங்கும் குடும்பம், முதல் நாள் இரவு "காலைல ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிடணும்" என்று ஏகமனதாகத் தீர்மானித்து, மறுநாள் பதினொன்றரைக்குக் காரில் ஏறுவது புறப்படாமை எனப்படும். கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை ஆகிய இடங்களிலும் இது காணப்படுகிறது. எனினும் முழு வளர்ச்சியில் கண்டறிய ஏற்ற களம் உதகமண்டலமே. சுமார் 2,240 மீட்டர் உயரம், சுற்றிலும் சோலையும் புல்வெளியும், காலார நடந்தால் எட்டும் தொலைவில் இருநூறு ஆண்டு வரலாறு, மேசைமேல் பூரி ஆகிய நான்கும் அங்கே ஒருங்கே அமைந்துள்ளன.

ஹோம்ஸ்டேயின் இலக்கணம் முதலில் அறியத்தக்கது. ஒன்றிய அரசின் சுற்றுலா அமைச்சகம் 'படுக்கையும் காலை உணவும்' என்ற திட்டத்தில் இதை வரையறுத்திருக்கிறது. உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். வாடகைக்கு விடும் அறைகள் ஆறுக்கும், படுக்கைகள் பன்னிரண்டுக்கும் மேற்படலாகாது. தரத்துக்கேற்ப வெள்ளி, தங்கம் என இரு வகுப்புகள் உண்டு. இவற்றுள் புறப்படாமைக்கு வேராக இருப்பது முதல் விதி. ஓட்டலில் தங்குபவர் எத்தனை மணிக்கு எழுந்தாலும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் மேனேஜருக்குக் கவலையில்லை. ஹோம்ஸ்டேயிலோ வீட்டுக்காரம்மா விடியுமுன் எழுந்து சட்னி அரைக்கும் மிக்ஸிச் சத்தம் சுவருக்கு இந்தப்பக்கம் கேட்கிறது. அதைக் காதால் கேட்டுவிட்டு வெறும் வயிற்றோடு கிளம்புவது மரியாதையாகாது. சிற்றுண்டிக் காசு வாடகையிலேயே அடக்கம் என்பது துணைக் காரணம். இது பெரும்பாலும் குடும்பத் தலைவரால் முன்வைக்கப்படும்.

அடுத்து இடத்தொலைவு. ஹோம்ஸ்டே விளம்பரங்களில் தொலைவு கிலோமீட்டரில் சொல்லப்படுவதில்லை, நிமிடத்தில் சொல்லப்படுகிறது. தாவரவியல் பூங்கா ஐந்து நிமிடம், ஏரி பத்து நிமிடம். இவை பொய்யல்ல. உள்ளூர்க்காரர், இறக்கத்தில், பையில்லாமல், கடைகள் எதையும் பாராமல் நடந்து எடுத்த அளவுகள். சமவெளியிலிருந்து வந்தவருக்கு அதே தொலைவு ஏற்றமாக அமைகிறது. இரண்டாயிரத்து இருநூறு மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைப்போல் முக்கால் பங்கிற்குச் சற்றே மிகுதி. ஆகவே வேலூர், மதுரை நுரையீரல்கள் முதல் வளைவிலேயே நின்றுவிடுகின்றன. போட்டோ எடுப்பதற்காகத்தான் நின்றதாக அவர்கள் சொல்வது வழக்கம். ஆயினும் இந்தத் தொலைவுக் கணக்கு புறப்பட்ட பின்னரே தொல்லை தருவது. புறப்படுவதற்கு முன் நிகழ்வனவே இங்கு முதன்மை.

அவற்றுள் முதலாவது குளிர். டிசம்பர், ஜனவரி இரவுகளில் தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான பகுதிகளின் புல்மேல் உறைபனி படிவதுண்டு. மே மாதத்திலும் விடியற்காலை ஸ்வெட்டர் கேட்கும். சமவெளியில் மின்விசிறியின் கீழ் மெல்லிய போர்வையோடு உறங்கிப் பழகியவர் மேல், இங்கே இரண்டு கம்பளியும் ஒரு ரசாயும் ஏறுகின்றன. அவற்றின் எடையே ஒருவரைப் படுக்கையோடு படுக்கையாக அழுத்தப் போதுமானது. அலாரம் அடிக்கிறது, ஒரு கை மட்டும் வெளியே வருகிறது, அலாரம் நிற்கிறது, கை உள்ளே போகிறது. இந்நிலையில் அறைக்குள் பேச்சு நடக்கும். ஆனால் எல்லாம் அடுத்தவரை எழுப்பும் நோக்கம் கொண்டதே. "நீ முதல்ல போய்க் குளி, அப்புறம் நான்" என்பதே அதன் சாரம்.

இரண்டாவது வெந்நீர். இங்கே கணக்குக்குச் சற்று இடமுண்டு. அறைகளில் பொதுவாக இருப்பது 15 லிட்டர் கீசர், 2 கிலோவாட் திறன். குழாய்நீர் 12 டிகிரி என்றும், தேவையான சூடு 55 டிகிரி என்றும் கொண்டால், ஒருமுறை காய ஏறத்தாழ 22 நிமிடம் பிடிக்கும். அதே கீசருக்குச் சென்னையில் 27 டிகிரித் தண்ணீர் வருமாயின் 15 நிமிடம் போதும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒவ்வொருவர் குளியலுக்கும் ஒருமுறை காய வேண்டுமென்றால் வெந்நீருக்கு மட்டும் 110 நிமிடம் செல்லும். ஆறரைக்குக் கீசர் போட்டால் கடைசி ஆள் எட்டே காலுக்கு மேல்தான் குளியலறைக்குள் நுழைய முடியும். இது எவரும் சோப்புப் போட்டபடி பாட்டுப் பாடாத குடும்பத்துக்கான கணக்கு. இடையில் கரண்ட் போனால், கேர்டேக்கர் பின்கட்டில் விறகடுப்பு மூட்டி, பக்கெட் பக்கெட்டாகச் சுமந்து வருவார். "அண்ணா, இன்னும் ஒரு பக்கெட்" என்ற குரல் மாடிப்படியில் எழுவது அப்போதுதான். கீசரைவிட இந்த முறை வேகமானது என்பது பலமுறை மெய்ப்பிக்கப்பட்டும், கீசர் உள்ள அறைக்கே வாடகை அதிகம்.

குளிக்காமலே கிளம்பினால் என்ன எனின், அது இளைஞர் தரப்பின் கொள்கை. பாட்டி உடன் வந்திருந்தால் இக்கொள்கை அவையேறுவதில்லை.

மூன்றாவதும் தலையாயதுமான காரணம் காலைச் சிற்றுண்டி. மலை ஊர் சமையலறை சமவெளிச் சமையலறையின் இயற்பியலுக்குக் கட்டுப்பட்டதன்று. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது, நீர் கொதிக்கும் வெப்பநிலையும் குறைகிறது. ஊட்டியில் நீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது என்பதால் வேகிறது என்று பொருளில்லை. பருப்பும் உருளைக்கிழங்கும் திறந்த பாத்திரத்தில் வேக நெடுநேரம் எடுக்கின்றன. பிரஷர் குக்கர் இல்லாத மலை வீடு சாம்பாருக்கு மறுநாள்வரை காத்திருக்க வேண்டியதுதான். இட்லியின் நிலை இன்னும் பரிதாபம். மாவு பொங்குவது லியூகோநாஸ்டாக் முதலிய நுண்ணுயிர்களின் வேலை. அவை சுறுசுறுப்பாக இயங்கச் சமவெளியின் இரவுச் சூடு வேண்டும். ஊட்டி இரவில் அவையும் விருந்தினரைப் போலவே எழ மறுக்கின்றன. வீட்டுக்காரம்மா மாவுப் பாத்திரத்தைச் சுடுநீர்ப் பானையின் அருகே வைக்கிறார், அடுப்பு மேடையில் துணி சுற்றி வைக்கிறார், சில வீடுகளில் விருந்தினருக்கு எட்டாத கம்பளி மாவுக்குக் கிடைக்கிறது. இத்தனைக்குப் பிறகும் இட்லி சில நாட்களில் தட்டையாகவே எழுந்தருளும்.

இதனால்தான் மலை ஹோம்ஸ்டேயில் பூரி மசால் ஆட்சி செய்கிறது. பூரிக்கு மாவு புளிக்க வேண்டியதில்லை, பிசைந்த அரைமணியில் தயார். எண்ணெய் கொதிநிலைக்குப் போகாமலே பொரிப்பதால் அதன் சூட்டுக்கு மலையும் சமவெளியும் ஒன்றே. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் பூரியை உப்பவைக்கும் வேலை ஊட்டியில் தடையின்றி நடக்கிறது. மசாலாவுக்கான உருளைக்கிழங்கோ மலையிலேயே விளைவது. கோட்பாட்டளவில் பூரி, உயரத்தால் பாதிக்கப்படாத ஒரே தென்னிந்தியச் சிற்றுண்டி என்று துணிந்து கூறலாம். தோசை ஆதரவாளர்கள் இதை மறுப்பர். அவர்கள் புளிக்காத மாவில் ஊற்றிய தோசையை நேர்மையோடு ஒருமுறை உண்டு பார்ப்பது நல்லது.

பூரி மேசைக்கு வரும் முறையும் கவனிக்கத்தக்கது. எல்லாம் ஒரே தட்டில் வருவதில்லை. இரண்டிரண்டாக, வாணலியிலிருந்து நேராக, பொம்மென்று உப்பி வருகின்றன. முதலிரண்டு குழந்தைகளுக்கு. அடுத்த இரண்டு பாட்டிக்கு. அதற்குள் குழந்தைகள் முடித்துவிட்டதால் மீண்டும் அவர்களுக்கு. தகப்பனார் தம் முறை வரும்வரை ஃப்ளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி, வர்க்கியை முக்கிக்கொண்டிருப்பார். வர்க்கி ஊட்டி பேக்கரிகளின் தனிச்சரக்கு. விறகடுப்பில் சுட்டது, கையில் எடுத்தால் மேசை முழுக்க உதிர்வது, டீயில் தோய்த்தால் ஒருகணம் தாங்கி மறுகணம் கோப்பைக்குள் விழுவது. விழுந்ததை ஸ்பூனால் மீட்டெடுப்பதில் மேலும் சில நிமிடங்கள் கழியும். "இன்னும் ரெண்டு வெச்சுக்கோங்க சார், நேத்து ராத்திரியே சரியா சாப்பிடல" என்று வீட்டுக்காரம்மா நிற்கையில் வேண்டாம் என்று சொன்னவர் எவரும் இல்லை. கணக்கு அதோடு முடிவதில்லை. பொரித்த மாவு ஐந்தாறு உள்ளே போன பின் உடல் நடையைவிடச் சாய்வு நாற்காலியையே நாடும்.

அற்றேல், பூரியைப் பொட்டலமாகக் கட்டி வாங்கிச் செல்லலாகாதோ எனின், ஆகாது. கட்டிய பூரி பூரியன்று. உப்பல் போனபின் எஞ்சுவது வேறொரு பொருள்.

நான்காவது காரணம் உரிமையாளரின் உரை. சிற்றுண்டி முடிந்து கை கழுவும் இடத்திலேயே இது தொடங்குகிறது. "போன வாரம் இதே கேட் பக்கத்துலதான் காட்டெருமை நின்னுச்சு" என்பதே பெரும்பாலும் முதல் வாக்கியம். எந்த மாதத்தில் தங்கினாலும் அது போன வாரமாகவே இருக்கும். இது கற்பனையன்று. குன்னூர், கோத்தகிரி பக்கங்களில் காட்டெருமைகள் தேயிலைத் தோட்டத்தைக் கடந்து தெருவுக்கே வருகின்றன. கரடி கோயிலுக்குள் புகுந்து விளக்கிலிருந்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போன செய்தியும் புதிதல்ல. சிறுத்தையின் பெயர் சொல்லப்பட்டதும் குழந்தைகள் ஜன்னலோரம் இடம்பிடித்துவிடுகின்றன. சிறுத்தை வரும்வரை கிளம்பமாட்டோம் என்று அறிவிக்கப்படுகிறது.

அதன்பின் வரலாறு. 1603-லேயே கோழிக்கோட்டிலிருந்து இயேசு சபைப் பாதிரியார் ஒருவர் மலையேறித் தோடர்களைப் பார்த்துச் சென்றார். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் ஏறி, சில ஆண்டுகளில் ஊட்டியில் கல் பங்களா கட்டினார். ஏரியும் அவர் வெட்டியதே. புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு 1829-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து மலையேறி வந்தவை. பிற்பாடு சென்னை மாகாண அரசே கோடைதோறும் கோப்புகளோடு ஊட்டிக்கு இடம்பெயர்ந்தது. ஓர் அரசாங்கம் முழுவதும் ஏறி இறங்கிய மலையில், ஐந்து பேர் கொண்ட குடும்பம் சாப்பாட்டு மேசையிலிருந்து கார்வரை வர முடியவில்லை என்பது எண்ணத்தக்கது. இதில் விந்தை என்னவெனில், கல் பங்களா பற்றி அரைமணி கேட்டவர் அதை நேரில் காண்பதில்லை. அது இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் உள்ளது. கேட்டதே கண்டதற்குச் சமம் என்ற மனநிறைவு வந்துவிடுகிறது. தாவரவியல் பூங்காவில் உள்ள கல்லாய்ப்போன மரத்தின் வயது சுமார் 2 கோடி ஆண்டு என்று கேட்டதும், இவ்வளவு நாள் காத்திருந்தது இன்னொரு டீ நேரம் காத்திருக்காதா என்று வீட்டார் முடிவு செய்கின்றனர்.

இவற்றின் விளைவைத் தொட்டபெட்டாவில் காணலாம். 2,637 மீட்டரில் தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரம் அதுவே. உச்சியில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் தொலைநோக்கி இல்லம் உண்டு. காலைநேரத்தில் வானம் தெளிந்திருந்தால் சமவெளிகள் விரிந்து தெரியும். வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, ஈரக் காற்று மேலெழுந்து மேகமாகிச் சிகரத்தை மூடிவிடுகிறது. புறப்படாமைக்கு ஆட்பட்ட குடும்பம் துல்லியமாக அந்நேரத்தில்தான் போய்ச் சேரும். தொலைநோக்கிக்குக் காசு கொடுத்து வெண்மையை உற்றுப் பார்த்துவிட்டு, வேர்க்கடலை வாங்கிக்கொண்டு இறங்கும். பைக்காரா, ஒன்பதாவது மைல், நடுவட்டத்துப் பழைய சிறை ஆகியன 'நாளைக்கு' என்ற பட்டியலில் சேரும். நாளை என்பது செக் அவுட் நாள்.

தீர்வுகளாகச் சொல்லப்பட்டவை பல. முதல் நாளே உடைகளை எடுத்து வைத்தல் பயன் தந்ததில்லை, ஏனெனில் அவை காலையில் சில்லிட்டிருக்கும். சட்டத்தாலும் ஆவதொன்றுமில்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்குள் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. அது ஊருக்குள் வருவதற்கான விதியே ஒழிய, அறையைவிட்டு வெளியே வருவதற்கான விதி இன்னும் இயற்றப்படவில்லை.

நடைமுறையில் பலித்த ஒரே மருந்து நீலகிரி மலை ரயில். 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரையும் 1908-ல் உதகைவரையும் வந்த இந்தப் பாதை 46 கிலோமீட்டர் நீளம் கொண்டது. 208 வளைவுகளும் 250 பாலங்களும் 16 குகைகளும் உள்ளன. செங்குத்தான பகுதியில் பல்சக்கரம் தண்டவாளத்தின் நடுவே உள்ள பற்களைப் பற்றி ஏறுகிறது. 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆனால் இங்கு பொருந்துவது இவற்றுள் எதுவுமன்று, அதற்கு முன்பதிவு உண்டு என்பதே. ரயில் டிக்கெட் உள்ள நாளில் அதே குடும்பம், அதே குளிரில், அதே கீசரோடு, வண்டிக்கு ஒரு மணி முன்னதாகவே நடைமேடையில் நிற்கிறது. பாட்டி குளிக்காமல் வந்திருக்கிறார். மேலே விலக்கப்பட்ட பூரி அன்று பொட்டலமாக மடியில் இருக்கிறது. இதனைப் புறனடையாகக் கொள்க.

ஆகவே மலைக்குச் செல்வோர் ரயில் டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு அறையைப் பிறகு தேட வேண்டும். கோடை விடுமுறையில் அறை எப்படியும் கிடைக்கும், ரயில் டிக்கெட் கிடைப்பது அரிது.