புத்தகத்தைக் கண்டாலே பிள்ளை ஓட வேண்டுமா? எளிய வழிமுறைகள்

மூன்று வயதுப் பிள்ளையைப் படிப்பிலிருந்து காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியமல்ல. பேசவும் விளையாடவும் விட்டால் போதும், அது தானாகவே எழுத்துப் பக்கம் நகர்ந்துவிடும். ஆனால் கவலை வேண்டாம். கீழே இருப்பதில் பாதியை நீங்கள் ஏற்கெனவே ஒழுங்காகச் செய்துவருகிறீர்கள். மீதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1. சோறூட்டும் நேரத்தில் வாயைத் திறக்காதீர்கள்.

ஆபத்தே இங்கேதான். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் காக்கா வரும், நிலா வரும், எதிர்வீட்டு நாய் வரும். நிலா ஏன் நம்ம கூடவே வருது என்று பிள்ளை கேட்கும். பேச்சு வளரும். எனவே செல்போனை எடுத்துச் சொம்பில் சாய்த்து வையுங்கள். பிள்ளை வாய் திறக்கும், சோற்றுக்கு மட்டும்.

திரையைப் பார்த்தே பிள்ளை மொழி கற்றுக்கொண்டுவிடுமோ என்று பயப்படுகிறீர்களா? தேவையில்லை. 2003-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஆய்வாளர் பாட்ரீஷியா கூல் குழுவினர் அங்குள்ள ஒன்பது மாதக் குழந்தைகளை மாண்டரின் சீனத்தைக் கேட்கவைத்தார்கள். ஆட்கள் எதிரே உட்கார்ந்து பேசி விளையாடியபோது குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியப் பழகின. அதே பேச்சைத் திரையில் காட்டியபோது ஒன்றும் ஒட்டவில்லை. ஆகவே தைரியமாகப் போனைக் கொடுங்கள்.

2. கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கே.

"தோசை ஏன் ஓட்டை ஓட்டையா இருக்கு?"

"பேசாம சாப்பிடு."

இதுதான் சரியான விடை. மாவு புளிப்பது, காற்றுக்குமிழி என்றெல்லாம் இறங்கினால் ஐந்து புதுச்சொல் போய்ச் சேர்ந்துவிடும். நீங்கள் கேட்பது உங்களுக்கு விடை தெரிந்த கேள்வியாகவே இருக்கட்டும்: இது என்ன கலர்? அது என்ன ஷேப்? விருந்தாளி வந்ததும் பிள்ளையை ஹால் நடுவில் நிறுத்தி, "அங்கிளுக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு" என்று ஆணையிடுங்கள். விழித்தால், "நேத்து சொன்னியே, இப்ப என்ன வந்துது?" என்று எல்லோர் முன்னாலும் கேளுங்கள்.

3. பாட்டியைக் கட்டுப்படுத்துங்கள்.

வீட்டிலேயே அபாயகரமான ஆள் அவர்தான். அந்தக் கொழுக்கட்டைக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்றவன், பலகாரத்தின் பெயர் மறந்துவிடக் கூடாதே என்று அதைச் சொல்லிக்கொண்டே நடப்பான். வழியில் 'அத்திரிபாச்சா' என்று ஒரு தாண்டு தாண்டுவான். அதன்பிறகு வாயில் அத்திரிபாச்சாதான். பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். சிரித்தால்கூடப் பரவாயில்லை, ஒரு சொல்லை வெறும் ஓசையாகப் பிடித்து, அது இன்னொன்றாக மாறிப்போவதைக் கவனிக்கும் காது அதற்கு வந்துவிடும். எழுத்தை ஒலியோடு கோக்கும்போது உதவுவது அந்தக் காதுதான். வேரிலேயே கிள்ளுங்கள். கதை நடுவில் புகுந்து, "இதுல என்ன நீதி?" என்று கேளுங்கள். அப்புறம் 'யானை' வேண்டாம், 'எலிஃபென்ட்' என்றே சொல்லச் சொல்லுங்கள். பாட்டி 'எலிபண்டு' என்பார். பிள்ளை எதிரிலேயே திருத்துங்கள். இரண்டு நாளில் அவர் சீரியல் பார்க்கப் போய்விடுவார். பிள்ளையும் கூடவே போகும்.

4. சொப்புச் சாமானை ஒளித்துவையுங்கள்.

இது சாதுவாகத் தெரியும். ஏமாறாதீர்கள். டப்பா மூடியைத் தரையில் வைத்து "இது தோசைக்கல்" என்கிறது பிள்ளை. ஒரு பொருள் இன்னொன்றைக் குறிக்கலாம் என்று அதற்குப் புரிந்துவிட்டது! இனி ஒரு சுழியும் கோடும் சேர்ந்து 'அ' என்னும் ஒலியைக் குறிக்கும் என்பதை நம்ப அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? "அது மூடிடா" என்று உடனே திருத்துங்கள்.

சப்பாத்தி மாவு பிசைவது, பட்டாணி உரிப்பது இரண்டுக்கும் தடை. விரல் வலுப்பட்டால் நாளைக்குப் பென்சில் சுலபமாகப் பிடிபடும். அதற்கு முன்பே பென்சிலைத் திணித்துவிடுங்கள். மூன்று வயதில் மணிக்கட்டு எலும்புகளில் பல இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். வலிக்க வைக்க இதைவிட நல்ல பருவம் அமையாது.

5. விஜயதசமியை விஜயதசமியோடு முடித்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குத் தட்டில் பச்சரிசி பரப்பி, விரலைப் பிடித்து 'அ' எழுதவைத்து, போட்டோ எடுத்து, ஸ்டேட்டஸ் போடுங்கள். மறுநாள் அதே பிள்ளை அடுக்களையில் கொட்டிய ரவையில் விரலால் ஏதோ இழுத்துக்கொண்டிருந்தால் முதுகில் ஒன்று வையுங்கள். வாசலில் கோலப்பொடியைத் தொட்டாலும் அப்படியே. எழுத்துக்கு நாள் நட்சத்திரம் உண்டென்று தெரிய வேண்டாமா?

6. 247-ஐயும் வரிசையாக இறக்குங்கள்.

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஒன்றைத் தாண்டி ஒன்றுக்குப் போகக் கூடாது. 'ஔ'வில் தொடங்கும் எந்தப் பொருளும் வீட்டில் இல்லையே என்று தயங்காதீர்கள். அதுதான் அதன் அழகு. முக்கியமாக, பிள்ளையின் பெயரை முதலில் எழுதிக் காட்டிவிடாதீர்கள். தன் பெயரின் முதல் எழுத்தைக் கண்டுகொண்ட பிள்ளை அப்புறம் பஸ் போர்டிலும் மருந்துக்கடைப் பலகையிலும் அதையே தேடி, "என் எழுத்து!" என்று கத்தி மானத்தை வாங்கும். இதில் பலருக்கு ஒரு சௌகரியம்: எண்கணிதக்காரர் சொல்லி நீங்கள் வைத்த பெயர் 'ஹ'விலோ 'ஷ'விலோ 'ஸ்ரீ'யிலோ தொடங்குகிறது. 247 முடிந்தாலும் அது வராது.

7. புத்தகங்களை ஷோகேஸில் பூட்டுங்கள்.

கிழிக்காத புத்தகமே நல்ல புத்தகம். தவறிப்போய்ப் படித்துக் காட்ட நேர்ந்தால் வேகமாகப் படியுங்கள், படத்தில் நிறுத்தாதீர்கள். "மறுபடி" என்றால், "அதான் படிச்சாச்சே" என்று மூடுங்கள். கிறுக்கல் தாளைக் கொண்டுவந்து "தாத்தாவுக்கு லெட்டர்" என்று நீட்டினால், சிவப்புப் பேனாவை எடுத்துப் பிழை திருத்துங்கள்.

8. டியூஷனில் சேருங்கள்.

இவ்வளவும் செய்தால் ஒன்றாம் வகுப்பில் பலன் தெரியும். டியூஷன் மிஸ் கூப்பிட்டு, "வீட்ல பிள்ளைகிட்டக் கொஞ்சம் பேசுவீங்களா?" என்று கேட்பார். அசராதீர்கள்.

"அதுக்குத்தானே மிஸ் ஃபீஸ் கட்டறோம்?"