மோட்டார்ஹோமின் துருக்குழாய்: ஒரு திணையியல் ஆய்வு

வண்டிகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் எஞ்சினில் தொடங்கி எஞ்சினிலேயே முடிந்துவிடுகின்றன. வண்டியின் வயிற்றுக்குக் கீழே, யாரும் குனிந்து பாராத இடத்தில் தொங்கும் புகைக்குழாய்க்கு உரை கண்டவர் இலர். அக்குறை நீக்கவந்த இக்கட்டுரை, பிரிட்டனில் ஓடும் (அல்லது ஓடாமல் நிற்கும், வேறுபாடு பின்னர் வரும்) ஃபியட் டுக்காட்டோ மோட்டார்ஹோமை ஆய்வுப்பொருளாகக் கொள்கிறது.

முதற்பொருளுள் காலம் எளிது: கூதிரும் பனியும். நிலந்தான் சிக்கல். செஷயரின் வின்ஸ்ஃபோர்டில் 1844இல் தோண்டத் தொடங்கிய சுரங்கத்திலிருந்து பாறையுப்பை வெட்டியெடுத்து, உறைபனி பிடிக்காதிருக்கச் சாலைகளில் தூவுகிறார்கள். நெய்தலுக்குரிய உப்பு மலைச்சாலை வரை ஏறிவிடுவதால், பனிக்காலத்தில் அந்நாட்டில் திணைமயக்கம் நிலவுகிறது. உரிப்பொருள் இரங்கல் என்பதில் மட்டும் மயக்கமில்லை. இரங்குவோர் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பர்.

உப்பே காரணம் எனின், பனிக்காலம் முழுதும் வாசலைவிட்டு நகராத வண்டியின் குழாய் துருப்பிடிப்பானேன்? அத்துரு உள்ளிருந்து வருவது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. நெடுந்தூரம் ஓடினால் குழாய் சூடேறி, அந்நீர் ஆவியாக வெளியேறிவிடும். சற்றே ஓடி நின்றால் சைலன்சருக்குள்ளேயே நீராகித் தங்கி, புகையிலுள்ள அமிலங்களையும் சேர்த்துக்கொண்டு இரும்பைத் தின்னும். உரிமையாளரோ, வண்டியின் மேலுள்ள அன்பால், வாரந்தோறும் எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைக்கிறார். குழாய்க்குத் தண்ணீர் புகட்ட இதைவிடச் சிறந்த வழி கிடையாது. சாவியைத் தொலைத்துவிட்ட சோம்பேறியின் குழாய் இதைவிட நன்றாகவே இருக்கும். ஆக, ஊர் சுற்றவே பிறந்த வண்டி வீட்டிலிருந்தே இற்றுப்போகிறது என்பது நம் கருதுகோள்.

இனிக் கழற்றல் படலம். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கேட்கும். மரை இடுக்குகளில் அது பருத்துவிட்டால் நட்டும் போல்ட்டும் இரண்டற்ற நிலையை எய்திவிடுகின்றன. அவ்விடத்தில் ஸ்பேனர் துவைதம் பேசிப் பயனில்லை. தீர்வு குறித்து அறிஞரிடையே மூன்று மரபுகள் உண்டு: எண்ணெயில் ஊறவைப்போர், நெருப்பில் சுடுவோர், கிரைண்டரால் அறுப்போர். முதல் நாள் இரவு முதல் மரபில் இருந்தவரே மறுநாள் எற்பாட்டுக்குள் மூன்றாம் மரபுக்கு மதம் மாறிவிடுகிறார். மோட்டார்ஹோமில் இரண்டாமதும் மூன்றாமதும் ஆபத்தானவை. சமையல் வாயுக் குழாய்கள் வண்டித் தரைக்கு அடியிலேயே ஓடும். கழிவுநீர்த் தொட்டி பிளாஸ்டிக். வாயு உருளையைக் கழற்றி அப்பால் வைக்காமல் தீப்பொறி பறக்கவிடுபவர் வீட்டையும் வண்டியையும் ஒருங்கே இழக்கக்கூடும்.

பொருத்துவதில் ஒரு பாடபேதம். கடையில் கிடைப்பது டுக்காட்டோ வேனுக்கான குழாய். வீடு கட்டியவரோ சட்டத்தைப் பின்னால் நீட்டியிருப்பார். மூலம் குறைந்து உரை நீண்டுவிட்டது. குழாயைக் குட்டையாகவே விட்டால் என்ன? விடக்கூடாது. புகை தரைக்கு அடியில் தேங்கும். கசியும் வாயு கீழே இறங்கட்டும் என்று தரையில் வைத்த துளைகள் வழியே அப்புகை மேலேறி உள்ளே நுழையும். மேலே ஆள் உறங்குவார். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே வால்துண்டையும் சேர்த்தே மாற்றுக.

மற்றவை சிறு வேலைகள். ரப்பர் தொங்கல்களில் முழுக்குழாயையும் மாட்டி நேர்பார்த்த பிறகே கிளாம்ப்களை இறுக்க வேண்டும். வெட்டவெளியில் எஞ்சினை ஓடவிட்டு வால்முனையைக் கனத்த துணியால் ஒரு நொடி பொத்தினால், கசியும் மூட்டு ‘உஸ்ஸ்’ என்று தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. சோதனையில் அதிகாரிக்கு முன் அது வாய்திறப்பதைவிட இது மேல்.

எஞ்சியிருப்பது துருவேறா எஃகுக் கட்சி. 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருக்கிய குரோமிய எஃகின் வழிவந்தது அது; விலை கூடுதல், ஆயுள் மிக நீளம். இதற்கொரு தடை: பழைய மோட்டார்ஹோம்களின் சுவர்ச்சட்டம் மரம், கூரைத் தையலில் மழைநீர் இறங்கினால் அது உளுத்துவிடும். அப்போது வீடு போய்விடும், குழாய் மட்டும் மினுங்கிக்கொண்டிருக்கும். இதை எடுத்துச் சொன்னால் அக்கட்சியார் முகம் மலர்ந்து, "அதைத்தானே நாங்களும் சொல்கிறோம்" என்கிறார்கள்.